வீடு கட்டப் புறப்பட்டவர்கள்

கிராமத்து ஆணும் பெண்ணும் ஏன் நகரத்துக்குப் போகிறார்கள் என்று குமரி மாவட்டத்தை வைத்து எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கால் தடுக்குகிறது. இங்கே கிராமம் எது? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறவாசிகள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் நமக்குத்தான். கோயம்புத்தூர்கூடப் பின்னால்தான் நிற்கிறது. 2001-இல் இதே கணக்கு 65 விழுக்காடாக இருந்தது. மூட்டை கட்டாமல், வீட்டு வாசலைத் தாண்டாமல், பத்தே ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் நகரத்தார் ஆகிவிட்டார்கள்.

சூட்சுமம் கணக்கெடுப்பின் வரையறையில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்த எல்லாமே நகரம். அப்படி அறிவிக்காத ஊரிலும் 5,000 பேருக்குக் குறையாமல் இருந்து, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசித்து, உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால் அதுவும் நகரம். நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் 95 மட்டும். பேரூராட்சிகளோ 50-க்கும் மேல். வீட்டுக்குப் பின்னால் பலாமரம், பக்கத்தில் ரப்பர் விளை என்கிற தோட்டம், ராத்திரியானால் மரநாய் ஓட்டின் மேல் ஓடுகிற சத்தம், ஆனாலும் நான் கணக்கில் நகரத்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு: ரப்பர், தென்னை பயிரிடுகிறவரை மக்கள்தொகைக் கணக்கு 'விவசாயி' என்ற கட்டத்தில் சேர்ப்பதில்லை. தோட்டப்பயிர் என்று அவரை 'இதர தொழிலாளர்' பக்கம் தள்ளிவிடும்.

வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. நூறு நாள் வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்குத்தான் வந்தது, பேரூராட்சிக்குக் கிடையாது. சாலைக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி என்றிருக்கும் இடங்களில், ஒரே மாதிரி விளையில் ஒரே மாதிரி வேலை செய்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வேலை அட்டை கிடைத்தது, மற்றவளுக்கு இல்லை.

நாகர்கோவிலில் பஸ் ஏறி, வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று களியக்காவிளை வரை போய்ப் பாருங்கள். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். வீடு, கடை, கோயில், பள்ளிக்கூடம், மறுபடியும் வீடு. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாநிலச் சராசரி 555. எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்தில் முதலிடம். ஆகவே பள்ளி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பஸ் வராது, அதனால் கிளம்பினார்கள் என்ற வழக்கமான விளக்கம் இங்கே எடுபடாது. எல்லாம் இருக்கிறது. இருந்தும் போகிறார்கள். திருவட்டாரில் பிறந்தவர் நாகர்கோவிலுக்குக் குடிபோவது அபூர்வம். அவருக்கு நகரம் என்றால் திருவனந்தபுரம், சென்னை, பெங்களூரு. அதையும் தாண்டி துபாய், ரியாத், தோகா.

ஏன் என்பதற்கு முதலில் நிலத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். இங்கே நிலத்தை ஏக்கரில் பேசுகிறவர்கள் குறைவு, சென்ட்தான் பேச்சு. முப்பது சென்ட் விளை என்றால் பரவாயில்லை, ஐம்பது என்றால் வசதி. குலசேகரம், அருமனை பக்கம் அந்த விளையில் பெரும்பாலும் ரப்பர்தான் நிற்கும். கன்று நட்டு ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன்பிறகு வெட்டுக்காரர் விடியற்காலை நான்கு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகாது. பட்டையில் காகிதம் போல ஒரு கீற்றுச் சீவினால் பால் சாய்ந்து வழிந்து சிரட்டையில் சொட்டும். ஆழம் கொஞ்சம் கூடிவிட்டால் மரம் புண்ணாகிவிடும். குறைந்தால் பால் வராது. முந்நூறு மரம் முடித்து, திரும்ப வந்து பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, அச்சில் பிழிந்து ஷீட் ஆக்கிக் கொடியில் போடும்போது பொழுது வெகுவாக ஏறியிருக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போதும் மரத்துக்கு ஓய்வு தர வேண்டும்.

இந்தியச் சராசரி விளைச்சல் ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,450 கிலோ; ஏக்கருக்கு 600 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் வரை ஏறியது. அப்போது ஒரு ஏக்கர்க்காரருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். 2016 தொடக்கத்தில் விலை நூறுக்கும் கீழே போயிற்று. அதே ஏக்கர் அறுபதாயிரத்தைத் தொடவில்லை. அதிலும் வெட்டுக்கூலி, ஆசிட், மழைக்காப்புக்குப் பிளாஸ்டிக் என்று கழிக்க வேண்டும். முப்பது சென்ட்காரர் இதை மூன்றால் வகுத்துக்கொள்ளலாம். விலை உச்சத்தில் இருந்தபோது, 'இனி ரப்பர்தான் நமக்குக் காவல்' என்று மகனை எஞ்சினியரிங்கில் சேர்த்த அப்பாக்களை எனக்குத் தெரியும். நான்கு ஆண்டு படித்து முடித்து மகன் வெளியே வந்தபோது விலை நூறுக்குப் பக்கத்தில் நின்றது. அவனைச் சென்னைக்கு பஸ் ஏற்றியதில் படிப்புக்கு எவ்வளவு பங்கு, ரப்பருக்கு எவ்வளவு பங்கு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

கிழக்கே நாஞ்சில் நாட்டில் நெல்லின் கதை வேறு, முடிவு ஒன்று. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், பின்னால் வந்த பெருஞ்சாணி அணையும் கொடுத்த தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைந்த மண் அது. இப்போது அந்த ஏலாக்களில், வயல்வெளிகளில், முதலில் வாழை வருகிறது, பிறகு தென்னை, பிறகு செம்மண் லாரி, கடைசியில் ஐந்து சென்டுக்கு ஒரு எல்லைக்கல். நெல்லுக்கு விலையில்லை, நடவுக்கு ஆளில்லை என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் வயலைக் கொன்றது மனை விலை. ஒரு சென்ட் வயலில் ஆயுள் முழுக்க நெல் விளைவித்தாலும் கிடைக்காத தொகை ஒரு நாள் பத்திரப்பதிவில் கிடைக்கும்போது, விற்காமல் வைத்திருக்கிறவரைத்தான் ஊர் விசித்திரமாகப் பார்க்கும்.

அந்த மனையை வாங்குவது யார்? வெளியே போனவர். இந்த இடத்தில்தான் சக்கரம் முழுச் சுற்று வருகிறது. போனவர் அனுப்பும் பணம் மனையாகிறது, மனை விலை ஏறுகிறது, ஊரிலேயே இருந்து சம்பாதிப்பவரால் அந்த விலைக்கு ஐந்து சென்ட் வாங்க முடிவதில்லை, ஆகவே அவரும் போகிறார். குமரி மாவட்டத்தில் இளைஞர் வெளியேறுவதற்குக் காரணம் என்ன என்று என்னைக் கேட்டால், முன்பே வெளியேறியவர்கள்தான் என்பேன்.

இந்த வழக்கத்தை நேற்று வந்ததாக நினைக்க வேண்டாம். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே கிறிஸ்தவக் கோயிலும் பள்ளியும் எழுந்தன. நெய்யூரில் மிஷன் மருத்துவமனை 1838-இல் தொடங்கியது. அன்றைய தென் திருவிதாங்கூரில் பெரும்பகுதி உழைப்பாளிகளுக்குப் பிழைப்பு பனை. காலையும் மாலையும் மரமேறி அக்கானி என்ற பதநீர் இறக்க வேண்டும், கருப்பட்டி காய்ச்ச வேண்டும். வரி தனி, இழிவு தனி. பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பள்ளிக்கூடம் வந்தபோது, பனையிலிருந்து இறங்குவதற்கான ஏணியாகத்தான் மக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தாத்தா பனையேறி, அப்பா வாத்தியார், மகன் மென்பொருள்காரன் என்று மூன்றே தலைமுறையில் முடிந்துபோன குடும்பங்கள் இங்கே தெருவுக்கு நாலு. படித்தவன் ஊரில் நின்று விவசாயம் பார்க்கட்டும் என்று மேடையில் சொல்பவர்கள் இந்தப் பழங்கதையை மறந்துவிடுகிறார்கள். இங்கே படிப்பு தொடங்கியதே மண்ணை விட்டு விலகத்தான்.

ஏணி ஏறிய பிறகு நிற்க ஓர் இடம் வேண்டுமே. அது உள்ளூரில் இல்லை. மலையும் காடும் ஒரு பக்கம், கடல் இரண்டு பக்கம், நடுவில் கிடக்கிற நிலத்தில் வீட்டுக்கு வீடு மதில். பெரிய ஆலை வர இடமில்லை. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை, அரசு ரப்பர் கழகம், கடைகள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள்; மாத சம்பளம் தரக்கூடிய இடங்கள் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அரசியல் எல்லையும் ஒரு வேலை செய்தது. 1956 அக்டோபர் 31 வரை நம் தலைநகர் திருவனந்தபுரம், எழுபது கிலோமீட்டருக்குள். மறுநாள் காலையில் தலைநகர் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, சென்னையில் இருந்தது. தாய்த்தமிழகத்தோடு இணைவதற்கு நடந்த போராட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அரசு வேலைக்கும் கோப்புக்கும் சென்னை, தினசரி வாழ்க்கைக்கு மருத்துவக் கல்லூரியும் 'சாலை' என்ற கடைவீதியுமாகத் திருவனந்தபுரம் என்று இந்த மாவட்டம் இரண்டு நகரங்களுக்கு வாழ்க்கைப்பட்டது அன்றைக்குத்தான். ரயில்கூட 1979-இல் முதலில் திருவனந்தபுரம் பக்கமிருந்துதான் வந்தது. திருநெல்வேலிப் பாதை 1981-இல்தான் திறந்தது. 1990-இல் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்கா தொடங்கியபோது, பழைய தலைநகர் நம் பிள்ளைகளை மறுபடி கூப்பிட ஆரம்பித்தது. திங்கட்கிழமை காலை வடக்கே போகும் ரயிலில் அதைப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி ஆண்களின் கதை. பெண்கள் ஏன் போகிறார்கள்?

மக்கள்தொகைக் கணக்கைக் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லும்: கல்யாணம். 2011-இல் இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள் 45 கோடி. பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் திருமணம் என்று பதிவாகியிருக்கிறது; வேலைக்காக என்று பதிவானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கேள்வித்தாளில் ஒரு காரணம்தான் எழுத முடியும். இரணியலிலிருந்து கல்யாணமாகிச் சென்னை போய், அடுத்த மாதமே அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கத் தொடங்குகிற நர்ஸ், கணக்கில் 'திருமணம்'. அவள் நர்ஸ் என்பதால்தான் சென்னை மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்தார்கள் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? குறைந்த தூரத்துக்கு இடம்பெயர்வதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்று இடப்பெயர்வை ஆராய்ந்த ராவன்ஸ்டைன் 1885-இலேயே எழுதிவிட்டார். பெண் போவது புதிதல்ல. அவள் போகும் தூரமும், போவதற்கு அவள் சொல்ல முடிகிற காரணமும்தான் மாறியிருக்கின்றன.

கூலி ஒரு பெண்ணின் நிலையை மாற்றும் என்பதை இந்த மாவட்டம் இருநூறு ஆண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1820-களில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அதற்குப் பின்னால் வந்த பெரிய பெண் தொழில் முந்திரி. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் 'அண்டி ஆபீஸ்' என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையை உட்கார்ந்தபடியே உடைக்க வேண்டும், தோல் நீக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். விரல் நுனியில் ரேகை அழிந்து ஆதார் இயந்திரத்தில் கை பதியாமல் நிற்கும் அம்மாக்களை ரேஷன் கடையில் பார்த்திருக்கிறேன். அப்படி நின்ற ஒருவர், பக்கத்தில் நின்ற என்னிடம் கையை விரித்துக் காட்டிச் சொன்னார்: "மக்களே, என் மகளுக்கு இந்தக் கை வேண்டாம் என்றுதான் நர்சிங் சேர்த்தேன்."

அந்த மகளின் வழி எப்படிப் போகும் என்பது இங்கே ஊரறிந்த பாடம். மூன்று ஆண்டு டிப்ளமோ அல்லது நான்கு ஆண்டுப் பட்டம். உள்ளூர் ஆஸ்பத்திரிச் சம்பளம் கல்விக்கடன் தவணைக்கே போதாது. சென்னையிலோ பெங்களூருவிலோ பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு ஆண்டு. வளைகுடாவுக்குப் பொதுவாக அந்த அனுபவச் சான்றிதழைக் கேட்பார்கள். பிறகு அங்கே செவிலியர் உரிமம் பெறுவதற்கான புரோமெட்ரிக் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, விசா. நகரம் அவளுக்கு முடிவிடமே இல்லை. மாடிப்படியில் நடுவே ஒரு திருப்பம் இருக்குமே, மூச்சு வாங்கி நிற்க, அதுதான் சென்னை.

இதைத் தவிர வெளியில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்றால் 2,222 கண்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனிடம் இரண்டு நிமிடம் பேசினால் அவள் வீடு சேரும் முன் செய்தி சேர்ந்துவிடும். இன்னார் மகள், இன்ன சபை, இன்ன சாதி என்ற மூன்று முகவரியோடுதான் இங்கே ஒரு பெண் தெருவில் நடக்க முடியும். வேளச்சேரியில் ஒரு விடுதி அறையில் நான்கு பேரோடு நெருக்கிக்கொண்டு படுத்தாலும், இரவு ஒன்பது மணிக்கு டீ குடிக்க இறங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேசும் பெண்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஆனால் கண்டிப்பாகப் பேசுகிறார்கள்.

ஸ்ரீதனத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு ஊரில் மதிப்பிருக்காது. பவுன் கணக்கும் ரொக்கக் கணக்கும் இங்கே ரப்பர் விலையைப் போல எல்லார் வாயிலும் இருக்கும். ஒரே வித்தியாசம், இது இறங்கியதே இல்லை. அக்காள் கல்யாணத்துக்காக வளைகுடா போன தம்பி, அந்தக் கடன் முடிந்ததும் தங்கைக்காக இன்னும் நான்கு ஆண்டு நிற்பான். அவன் திரும்பி வந்து பெண் தேடும்போது வெளிநாட்டு வேலைக்கென்று தனி விலை உண்டு. கட்டிய கடன் அப்படித்தான் வசூலாகிறது, வேறொரு வீட்டிலிருந்து. படித்த மாவட்டம் என்று மார்தட்டும்போது இந்த இடத்தில் கொஞ்சம் தலைகுனியத்தான் வேண்டும்.

இப்படிப் பார்த்தால், போவது தனிமனிதர் முடிவே அல்ல என்று தெரியும். பொருளியலில் ஓடெட் ஸ்டார்க், டேவிட் ப்ளூம் இருவரும் 1985-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: குடும்பம் ஒன்று தன் ஆட்களை வெவ்வேறு சந்தைகளில் நிறுத்திவைக்கிறது, ஒன்று சரிந்தால் இன்னொன்று தாங்கும். நம் ஊர் அம்மாக்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்கிறார்கள். மூத்தவன் சவூதியில், இளையவன் சென்னையில், மகள் செவிலியர், அப்பா முப்பது சென்ட் ரப்பரோடு ஊரில். ரப்பர் விழுந்தால் சவூதி, சவூதியில் ஆட்குறைப்பு வந்தால் ரப்பர். ஆகவேதான் அந்த முப்பது சென்டை விற்கவே மாட்டார்கள், லாபமில்லை என்று தினமும் புலம்பினாலும்.

கடற்கரை இந்தச் சட்டகத்துக்குள் முழுதாக அடங்காது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் தொழிலுக்காகவே ஊரை விட்டவர்கள். கொச்சியிலிருந்து படகு எடுத்து லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள். வாரக்கணக்கில் கடலில் கிடப்பவனுக்கு ஊர் என்பது பெருநாளுக்கு வருமிடம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அவர்களை நடுக்கடலில் பிடித்தது. மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, 'கடல் என்னோடு போகட்டும், பையன் கப்பல் வேலைக்கோ கம்ப்யூட்டர் வேலைக்கோ போகட்டும்' என்று சொல்லும் குரல் கூடியிருக்கிறது. மாவட்டத்தின் உட்பகுதியில் விலை துரத்துகிறது என்றால் அங்கே பயம் துரத்துகிறது.

போனவர்கள் கட்டிய வீடுகளைப் பற்றிக் கடைசியாக. இரண்டு மாடி, முகப்பில் கிரானைட், நாலு குளியலறை, மதில் மேல் கேமரா. உள்ளே ஓர் அம்மா மட்டும், சமையலறையை ஒட்டிய அறையில். மாடிக்கு ஏற மூட்டு விடாது. மகன் தோகாவிலிருந்து கேமராவில் பார்த்துவிட்டு, "கேட் திறந்து கிடக்கிறதே அம்மா" என்று போன் செய்வான். மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் என்ற 2011 கணக்கில், ஊரில் இல்லாத ஆண்களின் நிழலும் கொஞ்சம் விழுந்திருக்கிறது.

அந்த வீடுகளைக் கட்டும் கைகள் இப்போது ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகின்றன. ரப்பர் வெட்டுக்கும் அவர்கள்தான். எங்கள் பக்கத்து விளையில் வெட்டுகிற அசாம் பையன் கேரளத்தில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு இங்கே வந்தவன்; எல்லாரையும் 'சேட்டா' என்றுதான் கூப்பிடுவான். போன வாரம் பால் எடுத்து முடித்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போனில் ஒரு படம் காட்டினான். செங்கல் சுவர், ஜன்னல் மட்டத்துக்கு மேல் லிண்டல் போட்டு நிற்கிறது, கூரை இன்னும் இல்லை. முன்னால் அவன் அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். எத்தனை ஆண்டாகக் கட்டுகிறாய் என்றேன். மூன்று என்று விரலைக் காட்டினான். பிறகு, இங்கே சிமெண்ட் மூட்டை என்ன விலை என்று விசாரித்தான்.